பாங்காக்கில் தனியாக 4 நாள்: எங்கே சறுக்கும்?

கேள்வி: மணல்வீடு

நவம்பர் 12, 00.50க்குச் சென்னையில் ஏறி, காலை 5.45க்குப் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகிறேன். திரும்புவது 16ஆம் தேதி 00.20. சீலோம் பக்கம் 12 முதல் 16 வரை 4 இரவுக்கு ஹோட்டல் போட்டாயிற்று. வெளிநாட்டுக்குத் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. முட்டைகூடத் தொடாத சைவம். கையில் ஒரு டெபிட் கார்டு, ஒரு போன். என்ன பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கே மாட்டிக்கொள்வேன் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

பதில்: வழிப்போக்கன்

முதல் சறுக்கல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 16ஆம் தேதி 00.20 என்றால் 15ஆம் தேதி இரவு 9.20க்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 16 காலை எழுந்து பெட்டி கட்டுகிறவர்கள் உண்டு! ஆக நாலாவது இரவு உங்களுக்குத் தேவையே இல்லை. மாலை குளித்துக் கிளம்ப அறை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரத்து செய்துவிட்டு, 15 மதியம் பெட்டியை ரிசப்ஷனில் கொடுங்கள். போகும்போதும் இதே கதைதான்: சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்புவது 11ஆம் தேதி இரவு.

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வருகைக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையுடையது அல்ல. வருகைத் தேதியில் 12 என்று போடுங்கள், 11 அல்ல. விசா விலக்கு விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் வாரம் தூதரகத் தளத்தை ஒரு தடவை பாருங்கள்.

ஒரே கார்டு என்பது எனக்குப் பிடிக்கவில்லை. துணைக்கு ஆள் இருந்தால் கடன் வாங்கலாம், தனியாகப் போகிறவர் யாரிடம் கேட்பார்? வேறு வங்கியின் கார்டு இன்னொன்றை எடுத்து, பர்ஸில் வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். நம்மூர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் ஏடிஎம், கடை, தட்டிச் செலுத்துவது என்று மூன்றையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். முதலாவதை மட்டும் திறந்துவிட்டு மெட்ரோ கேட்டில் நின்று விழிப்பதுதான் வழக்கம். ஓடிபி வர ஊர் சிம்மில் ரோமிங் வேண்டும். இணையத்துக்கு இ-சிம் வாங்கினாலும் ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள்.

அங்கே ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் (தாய்லாந்துப் பணம்) அல்லது அதற்கு மேலேயே பிடிப்பார்கள். ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் மொத்தமாக ஒரே தடவை எடுங்கள். கடைசியில் ரூபாய்க் கணக்கைக் காட்டி ‘கன்வெர்ஷன்’ வேண்டுமா என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த விகிதம் அடிமாட்டு விகிதம். சில இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்துவிட்டு அப்புறம்தான் கார்டை நீட்டும். நோட்டை எண்ணிக்கொண்டே நகர்ந்தால் கார்டு போயிற்று.

பதில்: கூஜா

ஊருக்குள் என்ன என்று நான் சொல்கிறேன். இறங்கியதும் அடித்தளத்துக்குப் போங்கள். ரூபாயோ டாலரோ மாற்றும் கடைகள் அங்கே ரயில் வாசல் அருகில் இருக்கின்றன. மேல்மாடி கவுண்டர்களைவிட நல்ல விலை. ஏர்போர்ட் ரயிலில் பயா தாய் வரை 45 பாட், அரை மணிக்குள். அங்கே பிடிஎஸ் (மேம்பால ரயில்) ஏறி சியாமில் மாறினால் சீலோம். பிடிஎஸ் வேறு, எம்ஆர்டி (மெட்ரோ) வேறு, டிக்கெட்டும் வேறு. எம்ஆர்டி கேட்டில் விசா, மாஸ்டர் கார்டைத் தட்டினால் போதும்.

கிராண்ட் பேலஸ் அரண்மனைக்கு எம்ஆர்டியில் சனாம் சாய் இறங்கி நடக்கலாம். படகு இன்னும் நன்றாக இருக்கும். பிடிஎஸ்ஸின் சபான் தக்சின் ஸ்டேஷன் அடியிலேயே படகுத்துறை. நீங்கள் தேட வேண்டியது ஆரஞ்சுக் கொடிப் படகு, கட்டணம் 16 பாட். துறை வாசலில் மடக்கி விற்பது நீலக் கொடிச் சுற்றுலாப் படகு. ஏமாற்று இல்லை, விலைதான் வேறு. கண்டக்டர் தகர உருளைக்குள் சில்லறையைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டே வருவார், அந்தச் சத்தம்தான் டிக்கெட் கேட்பது. சில்லறையாகக் கொடுங்கள். துறையில் படகு நிற்பது சில விநாடிதான், அதனால் அரண்மனைக்கான துறை தா சாங் வருவதற்கு முன்பே பின்பக்கம் போய் நில்லுங்கள்.

மதில் ஓரத்தில் நல்ல உடுப்போடு ஒருவர் வந்து, “இன்று புத்தர் விசேஷம், மதியம்தான் திறப்பார்கள்” என்பார். கூடவே 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்ட ஒரு டுக்டுக் தயாராக நிற்கும். அது போய்ச் சேரும் இடம் ரத்தினக்கடை அல்லது தையல்கடை, கமிஷன் அங்கே. நிற்காமல் வாசல் வரை நடங்கள். காலை 8.30க்குத் திறப்பு, 3.30க்கு டிக்கெட் முடிவு, 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

டாக்சியில் மீட்டர் போட மறுத்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்ததைப் பாருங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

அயுத்தயா போகலாம், ஆனால் ஸ்டேஷனைக் கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர வண்டிகள் குருங் தெப் அபிவத் என்ற புது ஸ்டேஷனுக்கு மாறிவிட்டன. சாதா வண்டிகள் பழைய ஹுவா லம்போங்கிலிருந்தே கிளம்புகின்றன. டிக்கெட்டில் இருக்கும் பெயரைப் படிக்காமல் போனால் அரை நாள் காலி.

மணல்வீடு

இருவருக்கும் நன்றி. நாலாவது இரவை ரத்து செய்துவிட்டேன். சாப்பாடு? பாஸ்போர்ட் தொலைந்தால்?

பதில்: அரைக்கீரை

“வெஜிடேரியன்” என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸ் ஊற்றித் தருவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உப்பு மாதிரி. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் ‘ஜே’. மஞ்சள் பலகையில் சிவப்பாக 17 என்று எழுதினாற்போல ஓர் எழுத்து தெரியும், அதுதான் ஜே கடை. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு வெங்காயமும் இராது, சப்பென்றிருந்தால் கோபிக்காதீர்கள். மற்ற கடையில், “மை சாய் நாம் ப்லா” என்றால் மீன் சாஸ் வேண்டாம். சிப்பி சாஸையும் மறக்காமல் கேளுங்கள், கீரை வதக்கலில்கூட அது இருக்கும்.

சீலோமிலேயே இருக்கிறீர்கள், பான் சாலை முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. இப்போது பூமாலையும் கையுமாக வருவதில் தாய்க்காரர்கள்தான் அதிகம். நேரம் இருந்தால் ராட்சத ஊஞ்சலையும் பாருங்கள். 1935இல் நின்றுபோன அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் திரியம்பவாய். மார்கழியில் திருவெம்பாவை கேட்டவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பதில்: வழிப்போக்கன்

பாஸ்போர்ட் போனால் முதலில் 1155, சுற்றுலாப் போலீஸ். புகார் நகல் வாங்கிக்கொண்டு சுகும்வித் சோயி 23இல் இருக்கும் இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். 2 அங்குலச் சதுர போட்டோ இரண்டும் பாஸ்போர்ட் நகலும் பெட்டியில் இருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம். சான்றிதழோடு நேரே விமான நிலையம் போகாதீர்கள், நுழைவு முத்திரை பற்றிக் குடிநுழைவு அலுவலகத்திலும் கேட்க வேண்டும். வார இறுதியில் தொலைந்தால் விமானத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

போன் ஒன்றுதான் என்றால் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் போதும், கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஹோட்டல் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் ஒரு காகிதத்தில் ரிசப்ஷனில் எழுதி வாங்குங்கள். சார்ஜ் தீர்ந்த இரவில் டாக்சிக்காரரிடம் நீட்ட அது போதும்.