பழைய டீசல் வண்டிக்குக் கூடுதல் மானிகள்: எதை முதலில், எங்கே பொருத்துவது?

மண்தடம்:

என்னிடம் இருப்பது 80 வரிசை லேண்ட் க்ரூஸர். எஞ்சின் 1ஹெச்.இசட்., ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர். தொழிற்சாலையில் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாமல் உருவான இந்த எஞ்சினுக்கு முந்தைய உரிமையாளர் ஒரு டர்போவைப் பொருத்தி, எரிபொருள் பம்பில் டீசலின் அளவையும் கூட்டியிருக்கிறார். எவ்வளவு கூட்டினார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை.

சென்ற மாதம் நீண்ட மணல் ஏற்றம் ஒன்றில் வண்டி திணறிக்கொண்டிருந்தபோது கூலன்ட்டின் இனிப்பு வாடை அடித்தது. டேஷ்போர்டின் வெப்பமுள் நடுவில்தான் இருந்தது. இருந்தாலும் மனம் கேட்காமல் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பானெட்டின் விளிம்பில் நீராவி கசிந்துகொண்டிருந்தது. மேல் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. எஞ்சினுக்குச் சேதம் இல்லை, ஆனால் அந்த முள்ளின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது.

புகைச்சூடு (எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம்), பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம் ஆகிய நான்கிற்கும் மானி வைக்க எண்ணுகிறேன். 33 அங்குல டயரும் ஸ்நார்கலும் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) திட்டத்தில் உள்ளன. எதிலிருந்து தொடங்குவது, புகைச்சூட்டின் சென்சாரை டர்போவுக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆறுசிலிண்டர்:

உங்கள் வண்டியின் கதையைக் கேட்டதும் நான் முதலில் அஞ்சியது புகைச்சூட்டைத்தான். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் என்று பழகியவர்களுக்கு டீசல் தலைகீழாகத் தோன்றும். இங்கே காற்றுக்கு மிஞ்சிய டீசல்தான் சூட்டை ஏற்றுகிறது, கரும்புகை அதற்கு அடையாளம். எவ்வளவு கூட்டப்பட்டது என்றே தெரியாத பம்புடன் சுமையேற்றி ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

சென்சாரை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் இடத்தில் வையுங்கள். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் சுமையின்போது 100 முதல் 150 டிகிரி வரை குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசமும் நிலையானதன்று என்பதால், மனக்கணக்கில் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். முன்னால் வைத்தால் தொடர்ச்சியான ஓட்டத்திற்கு 700 டிகிரி செல்சியஸ் என்பது பலரும் கடைப்பிடிக்கும் மேல் எல்லை. நான் 650-லேயே காலை எடுத்துவிடுவேன், ஏனெனில் பிஸ்டன் அலுமினியக் கலவை, சூட்டைத் தாங்குவதில் இரும்பைப் போன்றதன்று.

துளையிடும்போது உலோகத்தூள் டர்போவின் விசிறிக்குள் போய்விடக் கூடாது. டர்போவைக் கழற்றிவிட்டுத் துளையிடுவதே உத்தமம். கழற்ற முடியாதென்றால் துரப்பண முனையிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸை அப்பிக்கொண்டு, சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துத் துடைத்து வேலை செய்ய வேண்டும். சிலர் கடைசி மில்லிமீட்டரை எஞ்சினை ஓடவிட்டு, புகையின் அழுத்தமே தூளை வெளியே ஊதித் தள்ளும்படி துளைப்பார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததில்லை.

இன்னொன்று: புகைச்சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிளின் (சூட்டை மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்) கம்பி குட்டையாக இருந்தால் சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்ட வேண்டாம். அதில் உருவாவது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். ஒட்டிய இடத்தின் சூடும் கணக்கில் கலந்து அளவைக் கெடுத்துவிடும். அதே வகைக் கம்பியையே வாங்குங்கள்.

பழையபட்டறை:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புகைச்சூட்டுமானியைத் தனியாகப் படிக்காதீர்கள், பூஸ்ட்மானியோடு சேர்த்துப் படியுங்கள். வழக்கமாக 8 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும் ஏற்றத்தில் ஒருநாள் 4 மட்டும் காட்டி, புகைச்சூடு மட்டும் ஏறினால், காற்றுக் குழாய் எங்கோ பிளந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது என்று பொருள்.

ஆயில் அழுத்தத்தில் பலர் தடுக்கி விழும் இடம் மரை. ஜப்பானிய எஞ்சின்களில் ஆயில் சென்சாரின் துளை எட்டில் ஒரு பங்கு அங்குல பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் கூம்பு மரை); சந்தையில் கிடைக்கும் மானிகளின் சென்சார் பெரும்பாலும் என்.பி.டி. (அமெரிக்கக் கூம்பு மரை). முதலாவதில் அங்குலத்திற்கு 28 மரை, இரண்டாவதில் 27. கையால் இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறிவிடுவதால் ஒன்றுதான் என்று தோன்றும். பிறகு ஸ்பானரால் இறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். இரண்டிற்கும் இடையிலான அடாப்டரை வாங்கிக்கொண்டு, கனமான சென்சாரை அதிர்வுபடாத இடத்தில் குட்டை ஹோஸுடன் பொருத்துங்கள். ஒற்றைக் கம்பி சென்சாராக இருந்தால் அது உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. ஹோஸில் தொங்கும் சென்சாருக்குத் தனி எர்த் கம்பி தேவை. டெஃப்ளான் நாடாவை அளவுக்கு மீறிச் சுற்றினாலும் இதே சிக்கல்தான்.

சென்சாரின் ஓம் அளவு மானிக்குப் பொருந்த வேண்டும் என்பதையும், ஆயிலையே நேரடியாகக் குழாயில் கேபினுக்குள் கொண்டுவரும் இயந்திர வகை மானியைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அந்தக் குழாய் விரிசல்விட்டால் கொதிக்கும் ஆயில் உங்கள் முழங்காலில்தான் விழும்.

மண்தடம்:

இருவருக்கும் நன்றி. கூலன்ட் முள் அன்று ஏன் அசையவே இல்லை என்பது மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. டயர் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

நீர்க்குறி:

அந்த முள் பழுதாகவில்லை, ஐயா. ஓட்டுநர்கள் வீணாகக் கவலைப்படக் கூடாது என்பதற்காக, பரந்த வெப்ப வரம்பு முழுவதிலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கும். கூடவே, கூலன்ட் வெளியேறிவிட்டால் சென்சார் நீரில் அல்லாமல் காற்றில் நிற்கும். அப்போது எந்த நல்ல மானியும் பொய் சொல்லும். எனவே கூலன்ட் மானியோடு நிறுத்தாமல், சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டின் கீழ் வளையம்போல் மாட்டும் சென்சாரும் எச்சரிக்கை மணியும் வைத்துக்கொள்ளுங்கள். அது அளப்பது உலோகத்தின் சூட்டை என்பதால் நீர் இல்லாவிட்டாலும் ஏமாற்றாது. எல்லாவற்றிலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்; ஆறுசிலிண்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

டயரைப் பொறுத்தவரை, 31 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் சுற்றளவு ஆறரை விழுக்காடு கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 106 போவீர்கள். அதைவிட முக்கியமாக, கியர் அந்த அளவுக்கு உயரமாகிவிடும். அதே ஏற்றத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழன்று அதிக டீசலை விழுங்க வேண்டிவரும், புகைச்சூடு ஏறும். ஆகவே மானிகள் முதலில், டயர் பிறகு. ஸ்நார்கல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், இணைப்புகள் நீர் புகாமல் இருந்தால் போதும்.

மண்தடம்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஹெட் சென்சாரையும் புகைச்சூட்டையும் பொருத்திவிட்டேன். டர்போவைக் கழற்றித்தான் துளையிட்டேன். அதே மணல் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் புகைச்சூடு 720-ஐத் தொட்டது. இரண்டாம் கியருக்கு இறங்கியதும் 610-க்கு வந்தது. பம்பில் கூட்டிய டீசலைச் சிறிது குறைத்தபின் மூன்றாம் கியரிலேயே 640-ஐத் தாண்டவில்லை, கரும்புகையும் மெலிந்துவிட்டது. பூஸ்ட்மானியின் குழாயை அடுத்த வாரம் இணைக்கிறேன். ஆயில் மானி அடாப்டருக்காகக் காத்திருக்கிறது.