எங்கள் தெரு மருந்துக்கடை ஐயாவை உங்களுக்கும் தெரியுமா?

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எங்கள் தெருமுனை மெடிக்கல் தெரிந்திருக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதே கடை, அதே மர மேஜை. போன மாதத்திலிருந்து ஐயா காலையில் மட்டும்தான் கல்லாவில் உட்காருகிறார். மற்ற நேரமெல்லாம் மகள்தான். நினைவில் இருப்பதை இப்போதே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முதலில் நானே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு இன்சுலின் தொடங்கிய புதிது. மருந்துக் குப்பியை ஐயாவிடம் வாங்கினேன். ஊசி தீர்ந்த அன்றைக்கு ஆபீஸ் பக்கத்தில் வேறு கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். பத்து நாள் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்ட வேண்டியதுதான் என்று கடையில் புலம்பினேன். "போடுற ஊசியைக் கொண்டா தம்பி" என்றார். கொண்டுபோனேன். அதன் ஆரஞ்சு மூடியைப் பார்த்ததும் உள்ளே போய் சிவப்பு மூடி ஊசி ஒன்றை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். எங்கள் குப்பி மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிதான். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. அதில் 20 கோடு வரை இழுத்தால் அப்பா உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். இது தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டி, பிறகு நான் சரியான ஊசிக்கு மாறியிருந்தால்? சர்க்கரை சரேலென்று இறங்கி அப்பா மயங்கி விழுந்திருப்பார். அன்றைக்கு ஐயாவுக்கு என்னிடம் வியாபாரமே கிடையாது, பாக்கெட்டை மாற்றிக்கொள் என்று சொன்னதோடு சரி.

அவர் குடும்பமே அந்தக் கடைக்குள்தான் வளர்ந்தது. மதியம் அம்மா, ஐயாவின் மனைவி, கேரியரோடு வருவார். ஐயா பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா கல்லாவில் இருப்பார். ஆனால் சீட்டு மருந்து எதையும் எடுத்துத் தரமாட்டார். "ஐயா கை கழுவிட்டு வரட்டும், உட்காருங்க" என்பார். எத்தனை அவசரப்படுத்தினாலும் அதே பதில்தான். பார்மசிஸ்ட் சான்றிதழ் ஐயா பெயரில் இருக்கிறது, தன் பெயரில் இல்லை என்பதில் அவ்வளவு கண்டிப்பு. பிள்ளைகள் இரண்டும் அந்த மேஜையின் ஓரத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பெண் பி.ஃபார்ம் படித்துவிட்டுக் கடைக்கே வந்தாள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். மறைமலை அடிகள் பாலத்தையே ஆறு மூழ்கடித்த நேரம். கீழ்த்தட்டு மருந்தெல்லாம் போச்சு. இன்சுலினை மட்டும் முந்தின ராத்திரியே தெர்மாகோல் பெட்டியில் போட்டு மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை. அம்மா மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மூடியுள்ள டப்பாவில் குப்பிகளைப் போட்டு உள்ளே மிதக்கவிட்டார். தெருவில் இன்சுலின் போடும் வீடு எது எது என்று அவருக்கு மனப்பாடம். மகளும் மகனும் வீடு வீடாகப் படியேறிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

*

நானும் அந்தத் தெருதான். அப்போது கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை. இருமல் டானிக் கேட்டு மூன்றாவது தடவை போய் நின்றேன். ஐயா பாட்டிலை எடுக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்து, "பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கியே, இளைச்சிட்டியா?" என்றார். சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, எத்தனை வாரமாக இருமல் என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள் என்று சொல்லி, போக வேண்டிய இடத்தை ஒரு கவரில் எழுதிக் கொடுத்தார். டிபிதான். ஆறு மாதம் மாத்திரை, அதுவும் இலவசம். மாத்திரையை நடுவில் விட்டுவிடுவேனோ என்று மாதாமாதம், "எத்தனை பாக்கி?" என்று மட்டும் கேட்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஏதோ கடன் பாக்கி என்று தோன்றும். என் மாமியார் அதே கடையில்தான் மருந்து வாங்குவார். இன்றுவரை அவருக்கு விஷயம் தெரியாது.

*

என்னுடையது சமீபத்தில் நடந்தது, மகளோடு. தைராய்டு மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறேன், ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக வரவே இல்லை. இரண்டு தடவை மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். போன வாரம் சீட்டை நீட்டியபோது அந்தப் பெண், "அக்கா, காலையில இதோட வேற என்ன போடுறீங்க?" என்று கேட்டாள். மூட்டுவலிக்குக் கால்சியம் மாத்திரை, மறக்காமல் இருக்க இரண்டையும் சேர்த்தே முழுங்கிவிடுவேன் என்றேன். கால்சியம் சேர்ந்தால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, கால்சியத்துக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னாள். "டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க, அளவை அவங்கதான் மாத்தணும்" என்றாள். கவரின் மேல் ஒன்றுக்கு 6 மணி, இன்னொன்றுக்கு மதியச் சாப்பாடு என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

ஐயா பின்னால் நாற்காலியில்தான் இருந்தார். அவளைத் திருத்தவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை. கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார், காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் சேதமாகாதபடி.