குளத்தில் பச்சையாகப் படர்ந்திருப்பது எது? கையில் எடுத்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

குளத்திலோ ஏரியிலோ பச்சை படர்ந்தவுடன், பாசி பிடித்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கையில் கிடைத்த மருந்தைத் தெளித்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கரையில் நின்றபடி பார்த்து எதையும் உறுதி செய்ய முடியாது என்பதே என் கருத்து. எந்த அடையாளத்தை வைத்து உங்கள் நீர்நிலையில் இருந்ததை இன்னதென்று கண்டுகொண்டீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.

என் அனுபவம் மீன்குளத்தில் நேர்ந்தது. பல நாள் வெயிலுக்குப் பிறகு, காற்று ஒதுக்கிய பக்கத்துக் கரையோரமாக நீர் கெட்டியான பச்சை நிறத்தில் திரண்டிருந்தது. ஒரு காய்ந்த குச்சியை உள்ளே விட்டு எடுத்தபோது அதில் இழை எதுவும் தொங்கவில்லை. பெயிண்டில் தோய்த்தெடுத்தது போல் பச்சை பூசியிருந்தது. இழைப்பாசியாக இருந்திருந்தால் குச்சியில் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். பிறகு கையுறை அணிந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு அந்த நீரை எடுத்து, இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தேன். காலையில் பச்சை முழுவதும் மேலே ஏறி வளையமாக நின்றது. அடியில் நீர் தெளிந்திருந்தது. இது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம் என்பதற்கான அடையாளம். நீலப்பச்சைப் பாசி என்று நாம் அழைப்பது உண்மையில் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. அதன் பல இனங்களுடைய செல்களில் வாயு நிறைந்த நுண்ணறைகள் இருப்பதால் அது மிதக்கிறது. சாதாரணப் பச்சைப்பாசி பெரும்பாலும் அடியில் படிந்துவிடும்.

இந்தச் சோதனை சந்தேகத்தை வலுப்படுத்துமே தவிர முடிவைச் சொல்லாது. நீலப்பச்சைப் பாசியில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியவை. சுரந்திருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். அதுவரை ஆடுமாடுகளையும் நாய்களையும் அந்த நீரை நெருங்கவிடக் கூடாது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. பாசியைக் கொல்லும் மருந்தான தாமிர சல்பேட்டைப் போட்டால் செல்கள் உடைந்து, உள்ளே இருந்த நஞ்சும் ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிடும் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

*

மேலே எழுதிய நண்பரின் குச்சிச் சோதனை எனக்கும் கைகொடுத்திருக்கிறது. நான் சொல்ல வருவது நீருக்கடியில் வளர்பவற்றைப் பற்றி. ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம், சாரா ஆகிய மூன்றும் படகிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும். வெளியே எடுத்தால் மூன்றும் முற்றிலும் வேறானவை.

ஹைட்ரில்லாவில் ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி நான்கு முதல் எட்டு இலைகள் வரை இருக்கும். நான் எண்ணியவற்றில் ஐந்துதான் அதிகம். இலையின் விளிம்பில் உள்ள பற்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு கொத்தை விரல்களுக்கிடையே வைத்து மெல்ல உருவினால், இலையின் அடிப்புற நடுநரம்பில் உள்ள சிறு முட்களின் சொரசொரப்பை உணரலாம். இதன் உறவான எலோடியாவில் பொதுவாகக் கணுவுக்கு மூன்று இலைகள்தாம், சொரசொரப்பும் இராது. சந்தேகம் தீராவிட்டால் சேற்றோடு சேர்த்துத் தோண்டிப் பாருங்கள்: வேர்ப்பகுதியில் பட்டாணி அளவில் வெளிறிய கிழங்குகள் கிடைத்தால் அது ஹைட்ரில்லாவேதான். அந்தக் கிழங்குகள் சேற்றுக்குள் சில ஆண்டுகள் வரை உயிரோடு கிடந்து முளைக்கும்.

எங்கள் ஏரியில் இதை என்னவென்று பார்க்காமலே வெட்டும் இயந்திரத்தை இறக்கிவிட்டார்கள். வெட்டியதை முழுமையாக அள்ளவும் இல்லை. ஒரு கணு உள்ள துண்டே புதுச்செடியாவதற்குப் போதும் என்பதால், அதுவரை வெறும் நீராக இருந்த மூலைகளிலும் அடுத்த பருவத்தில் ஹைட்ரில்லா நிறைந்துவிட்டது.

செரட்டோஃபில்லத்துக்கு வேரே கிடையாது. இலைகள் கவட்டை கவட்டையாகப் பிரியும். நுனியை நோக்கிச் செல்லச் செல்ல இலையடுக்கு நெருங்கும். சாராவோ செடியே அல்ல, செடியைப் போல் வளர்கிற பாசி. அதைப் பிசைந்து முகர்ந்தால் பூண்டு போன்ற நெடி அடிக்கும். மேலே சுண்ணாம்பு படிந்திருப்பதால் கையில் நறநறவென்று இருக்கும். அடிச்சேற்றைக் கலங்கவிடாமல் நீரைத் தெளிவாக வைத்திருக்க உதவுவதால், வழியை அடைக்காத வரையில் சாராவை விட்டுவைப்பதே நல்லது என்பேன்.

*

மிதப்பவற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பொடிப்பொடியாக மிதப்பதை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தால் போதும். இலைக்கு ஒரே ஒரு வேர் தொங்கினால் லெம்னா. பல வேர்களும் செந்நிற அடிப்புறமும் இருந்தால் ஸ்பைரோடெலா. வேரே இல்லாத மணிகளாக விரலில் ஒட்டினால் வோல்ஃபியா, பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறியது. செதில் செதிலாக அடுக்கியிருந்து, கடும் வெயிலில் சிவந்துபோவது அசோலா. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் நுண்ணுயிரைத் தன் இலைக்குள்ளேயே வைத்திருக்கும் அந்தப் பெரணியைக் களை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சால்வீனியா மொலெஸ்டாவின் இலைமேல் உள்ள மயிர்களின் நுனிகள் ஒன்றுசேர்ந்து கூண்டு போலிருக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிறகு மறக்காது. ஆகாயத்தாமரையை அதன் உப்பிய காம்பும் ஊதாப் பூவுமே காட்டிக்கொடுத்துவிடும்.

*

இழைப்பாசியைத் தொட்டே பிரிக்கலாம். வழவழவென்று விரலிலிருந்து நழுவுவது பெரும்பாலும் ஸ்பைரோகைரா. பிழிந்த பிறகும் முரட்டு நூலாக நிற்பது கிளடோஃபோரா. சிறு கண்ணிகளாகப் பின்னிய வலையாக விரிவது ஹைட்ரோடிக்டியான்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். உச்சி வெயிலில் செங்கல் நிறத்தில் ஏடு படர்ந்து, மாலையானால் பச்சைக்கு மாறும் குளம் ஒன்றைப் பார்த்தேன். நீலப்பச்சைப் பாசி என்றே உடன் இருந்தவர்கள் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் அது யூக்ளினா சாங்குயினியா என்ற ஒற்றைச்செல் உயிரி என்று தெரிந்தது. ஒளிக்கேற்பச் செந்நிறமி செல்லின் மேற்பரப்புக்கு வருவதும் உள்ளே போவதுமே அந்த நிறமாற்றத்துக்குக் காரணம். இதுவும் மீன்களைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கக்கூடியது.

ஆனால் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே நஞ்சு என்று எண்ணிவிட வேண்டாம். இரவெல்லாம் செடிகளும் பாசியும் சுவாசிப்பதால், கரைந்த ஆக்சிஜன் விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். களையை ஒரே நாளில் மருந்தடித்துக் கொன்றால், அது அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். அடர்ந்த குளமென்றால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் எடுத்து, நீர் தேறுவதைப் பார்த்த பிறகே அடுத்த பங்கில் கை வைக்கிறேன்.