குகைத்திரிபா, அளைத்தகவா?

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான உயிரியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டிராக்ளோமார்ஃபிசம்' என்ற சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன். ஸ்லோவீனியாவில் பிவ்கா ஆறு போஸ்டோய்னாவில் மண்ணுக்குள் இறங்கி, பிளானினா குகை வழியாக வெளிவருகிறது. மேலே, நீரில் மக்கிய இலைகளுக்கு நடுவே வாழும் அசெல்லஸ் அக்வாட்டிகஸ் என்ற உயிரி விரல்நகம் அளவுதான். இறால், நண்டுக்கு உறவு. பழுப்பு நிறம், கண் உண்டு. குகைக்குள் அதே இனம் வெள்ளையாக, கண் இல்லாமல், நீண்ட உணர்கொம்புகளோடு இருக்கிறது. இத்தனை மாற்றத்துக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். 'இருள் தகவமைப்பு' போதுமா?
– க.

அம்மா, போதாது. ஆழ்கடலும் இருள்தான், அங்கே பல மீன்களுக்குக் கண் பெருத்திருக்கிறது. 'தகவமைப்பு' என்பதும் உறுத்துகிறது. உணர்கொம்பு நீண்டது தடவி வழி அறிய உதவும், சரி. கண் போனது எதனால்? பயனில்லாத உறுப்பில் மரபணுப் பிறழ்வுகள் சேர்ந்து கெட்டதா, அதற்காகும் ஆற்றல் மிச்சமானதால் கண் இல்லாததே இயற்கைத் தேர்வில் வென்றதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நம் சொல் ஒரு பக்கம் சாயக் கூடாது. 'குகைத்திரிபு' என்கிறேன்.
– செ.

திரிபு என்றால் திரித்துச் சொல்வது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். குகையோ வடசொல். வளைக்கும் குகைக்கும் நம்மிடம் 'அளை' இருக்கிறதே! புறநானூற்றுத் தாய் தன் வயிற்றைப் புலி தங்கிப்போன கல்லளை என்கிறாள். ஐங்குறுநூற்றில் புள்ளி நண்டு முள்ளி வேரளைக்குள் போகிறது. நண்டுக்கு வாய்த்த சொல் அதன் உறவுக்கு வாய்க்காதா? 'அளைத்தகவு' என்று வையுங்கள்.
– ந.

ஐயா, அந்த நண்டு அளையை விட்டு வயலுக்கு வந்துவிடும். இது தலைமுறை தலைமுறையாக வெளிச்சமே பார்க்காதது. அப்புறம், திரிபில் பழி ஏதும் இல்லை. நன்னூலில் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. கண்ணும் நிறமும் கெடுதல். உணர்கொம்பு, செய்யுள் விகாரத்தில் வரும் நீட்டல்!
– செ.

இன்னொன்றும் திரிபுக்குச் சாதகம். மேலே உள்ளதையும் குகையில் உள்ளதையும் ஆய்வகத்தில் இணைத்தால் இன்றும் சந்ததி உண்டாகிறது. அந்தக் கலப்புச் சந்ததியை வைத்தே கண்ணும் நிறமும் போனதற்கான மரபணுப் பகுதிகளைத் தேடி, 2011இல் ஆய்வு வெளியிட்டார்கள். இனம் ஒன்று, வடிவம்தான் திரிந்தது. மகளிடம் இரண்டு சொல்லையும் சொன்னேன். அளை என்றதும் "சோற்றை அளையறதா?" என்றாள். குகைத்திரிபுக்கு, "குகைக்குள்ள போய் மாறிப்போச்சா?" என்றாள். அதையே அனுப்புகிறேன்.
– க.

திரிபை ஏற்கிறேன். குகையை ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் 'அளைத்திரிபு' என்று அடைப்புக்குள்ளாவது போடுங்கள் அம்மா.
– ந.