மோட்டார் நன்றாக இருந்தது, தளம்தான் பெயர்ந்தது

புதூர் பட்டறைக்காரர்:

மதுரையில் கடல் இல்லைதான். ஆனாலும் மண்டபம், தொண்டி பக்கத்துப் படகு வேலைகள் எங்கள் லேத் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. போன ஆடியில் ஒருவர் மின்சார நங்கூர வின்ச் (நங்கூரக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார் உருளை) ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். தூண்டில் போடப் போகும் சின்ன ஃபைபர் படகில் இருந்ததாம். "அண்ணே, மோட்டார் போயிருச்சு" என்றார். பேட்டரியில் கொடுத்துப் பார்த்தால் ஜோராகச் சுற்றுகிறது. போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட அறுபடவில்லை. நட்டுக்கு அடியில் போட்டிருந்த சின்ன வாஷர்களோடு ஃபைபர் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்திருந்தது.

மன்னார் வளைகுடாவில் நங்கூரம் பாறையில் மாட்டியிருக்கிறது. இவர் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கயிறு விறைத்து நிற்கும்போது ஓர் அலை அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கிவிட்டது. அந்த நேரத்தில் வின்ச் தாங்கியது மோட்டாரின் இழுவையை மட்டும் அல்ல, படகைத் தூக்கும் அலையின் பலத்தையும் சேர்த்துத்தான். சின்ன வாஷர் அதற்கு ஈடுகொடுக்காது.

சின்ன வாஷருக்குப் பதில் தளத்துக்கு அடியில் வைக்க ஓர் அகலத் தகட்டை இங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டு பரமக்குடி வழியாக மண்டபம் போனோம். மேல்தளத்தைத் திறந்தால், ஃபைபருக்கு நடுவில் இருந்த மரப்பலகை ஊறிக் களியாகியிருந்தது. பழைய போல்ட் ஓட்டை வழியாகவே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊறியதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்து ஃபைபர் போட்டோம். அப்புறம் போல்ட்டைவிடப் பெரிய துளையாகப் போட்டு, எபாக்ஸிப் பசையால் அடைத்து, நன்றாக இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தோம். இனி போல்ட்டைச் சுற்றிப் பூசிய சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. அடியில் 6 மி.மீ. எஸ்.எஸ். தகடு, வின்ச்சின் காலைவிட நாலு பக்கமும் அகலமாக. 316 தர எஸ்.எஸ். போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்டு). 304 கொஞ்சம் மலிவுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

படகு முகப்பில் கயிறு ஏறி வரும் ரோலரும் வின்ச் உருளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கயிறு பக்கவாட்டில் வந்தால் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளுக்கே பாரம் போகும், கயிறும் உருளையில் ஏறிச் சிக்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன், பழங்காநத்தம்:

எனக்கு வந்த வின்ச்சில் தளம் உறுதியாகத்தான் இருந்தது, இழுவைதான் இல்லை. பேட்டரி பின்பக்கம், வின்ச் முன்பக்கம். போக வர 15 மீட்டர் ஒயர், அதுவும் 6 சதுர மி.மீ. மோட்டார் 50 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 12 வோல்ட் மோட்டாருக்கு மிச்சம் பத்துக்கும் குறைவு. 25 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டதும் நஷ்டம் அரை வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. பிரேக்கரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வின்ச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஆள் இல்லை.

தொண்டிக்காரர், பிழைப்பு மதுரையில்:

புதூர் அண்ணே, தகடு சரி. அந்த ஆள் நங்கூரம் போட்டபின் கயிற்றை எதில் கட்டினார் என்று கேட்டீர்களா? வின்ச்சிலேயே விட்டிருந்தால் தகடு எத்தனை மி.மீ. போட்டும் பிரயோஜனம் இல்லை. நங்கூரம் பிடித்ததும் கயிற்றைத் தனியாக ஒரு கட்டைக்கு (கயிறு கட்டத் தளத்தில் பொருத்தும் முளைக்கு) மாற்றிவிட வேண்டும், இரவெல்லாம் படகைப் பிடித்து நிற்பது அந்தக் கட்டைதான். எடுக்கும்போதும் எஞ்சினைப் போட்டு நங்கூரத்துக்கு நேர் மேலே போய்விட்டு, தொங்கும் கயிற்றைச் சுருட்ட மட்டும் வின்ச். மாட்டிக்கொண்டால் சுவிட்சிலிருந்து கையை எடுங்கள். கயிற்றைக் கட்டையில் கட்டி, எஞ்சினால் மெதுவாக வேறு கோணத்தில் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

வைகை அணைப் பக்கம்:

எங்கள் பரிசலுக்குக் கல்லும் கயிறும் போதும் சாமி. நடுவில் ஒரு சந்தேகம். பலகையையே அடித்தகடாக வைத்தால் என்ன?

புதூர் பட்டறைக்காரர்:

வைக்கலாம், மரைன் ப்ளைவுட் 18 மி.மீ., எல்லா விளிம்பிலும் எபாக்ஸி பூசி. அதற்கு மேல் பெரிய வாஷரும் வேண்டும். தொண்டித் தம்பி, கேட்டேன். அந்தப் படகில் கட்டையே இல்லை. அதே தகடு மாதிரி இன்னொன்று போட்டு ஒரு கட்டையும் வைத்துக் கொடுத்தோம். நங்கூரக் கயிற்றின் கடைசி முனையைப் படகுக்கு உள்ளே சின்ன நூல்கயிறால் கட்டியிருக்கிறோம், அவசரத்துக்குக் கத்தியால் ஓர் அறுப்பில் விட்டுவிடலாம்.