பாதியில் நிறுத்திய படங்கள்

சுவரொட்டி:
பேய்ப்படத்துல பயந்து நிறுத்தின கதை வேண்டாம், அது எல்லார்கிட்டயும் இருக்கு. வளர்ற பசங்களும் பெத்தவங்களும் முட்டிக்கிற படங்கள் இருக்கே, அதுல 'போதும்டா சாமி'ன்னு ரிமோட்டை எடுத்த இடம் எது, ஏன்னு எழுதுங்க.

எனக்கு அது 'மம்மி'. 2014ல வந்த கனடா நாட்டு பிரெஞ்சுப் படம். எடுத்த சேவியர் டொலானுக்கு அப்போ 25 வயசு. கான் திரைப்பட விழாவுல ஜூரி பரிசை, வயசான பெரிய இயக்குநர் கொதாரோட பங்கு போட்டுக்கிட்ட படம்.

பையன் பேரு ஸ்டீவ், 15 வயசு. அவன் இருந்த சிறுவர் இல்லத்துல தீ வெச்சு, இன்னொரு பையனுக்குக் காயமாகி, 'கூட்டிட்டுப் போங்க'ன்னு அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்துடறாங்க. அப்பா உயிரோட இல்ல. அம்மா டயான் வாய்த்துடுக்குல மகனுக்கு ஒரு படி மேல. படம் பெரும்பாலும் சதுரமான ஒரு சட்டத்துக்குள்ள ஓடும். ரெண்டு பேர் சேர்ந்து நின்னா யாரோ ஒருத்தர் தோள் வெட்டுப்படும். அந்த வீட்டுக்குள்ள நம்மளையும் அடைச்சுப் போட்ட மாதிரி மூச்சு முட்டும்.

ஒருநாள் பையன் மளிகைச் சாமானோட வர்றான். அம்மாவுக்குன்னு ஒரு சங்கிலி, அதுல 'மம்மி'ன்னு எழுத்து. காசு ஏது, திருடினியான்னு அவ கேக்குறா. அவன் பழைய கதை தெரிஞ்ச யாரா இருந்தாலும் அதைத்தான் கேப்பாங்க. கொஞ்ச நேரத்துல அவன் கை அவ கழுத்துல இருக்கு.

அங்க நிறுத்திட்டேன். கழுத்தை நெரிச்சதைப் பார்க்க முடியாம இல்ல. சங்கிலியை நீட்டும்போது அவன் முகத்துல இருந்த சந்தோஷம் நடிப்பில்ல, அவளோட சந்தேகமும் வீண் இல்ல. யார் பக்கம் நிக்கிறதுன்னு படம் சொல்லவே மாட்டேங்குது. பக்கத்து ரூம்ல எங்கம்மா சீரியல் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. லேப்டாப்பை மூடிட்டேன்.

மறுநாள் மீதியைப் பார்த்தேன். ஸ்டீவ் சறுக்குப்பலகையில போய்க்கிட்டே ரெண்டு கையாலயும் திரையோட ஓரத்தைத் தள்ளுவான், சதுரம் அகலமா விரியும். அதைப் பத்தி எழுதாதவங்க கிடையாது. என்னை உலுக்கினது அதுக்கப்புறம்தான். தீ வெச்ச வழக்கு விஷயமா வீட்டுக்கு ஒரு காகிதம் வருது. அம்மா அதைப் படிக்கப் படிக்க ஓரம் ரெண்டும் நகர்ந்து பழைய சதுரத்துக்கே வந்துடும்.

பெத்தவங்க நினைச்சா கோர்ட்டு வழக்குன்னு எதுவும் இல்லாம பிள்ளையை ஆஸ்பத்திரியில ஒப்படைக்கலாம்னு படத்துக்குள்ள ஒரு கற்பனைச் சட்டம் வரும். முதல்லயே சொல்லிடறாங்க, நாமதான் மறந்துடறோம். அதுக்கு மேல சொல்லல, பாருங்க.

கரும்பலகை:
தம்பி, நான் நிறுத்தவில்லை. எனக்கு அருகில் இருந்தவர்கள்தான் எழுந்து போனார்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சுவரில் வேட்டி கட்டிப் படம் போடுவோம். ஒருமுறை 1969இல் கென் லோச் எடுத்த 'கெஸ்' போட்டோம். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்க ஊர். பில்லி என்ற பையன் ஒரு வல்லூறுக் குஞ்சை எடுத்துப் பழக்குகிறான். தந்தை வீட்டை விட்டுப் போனவர். அண்ணன் சுரங்கத்தில் வேலை செய்கிறவன், வீட்டில் தம்பியைப் போட்டு மிதிக்கிறவன். அவ்வளவுதான் கதை. அந்த ஊர்ப் பேச்சு ஆங்கிலம் அறிந்தவருக்கே பிடிபடாது, எழுத்தோட்டம் (சப்டைட்டில்) இல்லாமல் உட்காராதீர்கள்.

விளையாட்டு ஆசிரியர் தன்னையே இங்கிலாந்தின் கால்பந்து நட்சத்திரம் பாபி சார்ல்டனாக நினைத்துக்கொண்டு பையன்களோடு கால்பந்து ஆடுகிற இடத்தில் எங்கள் ஆசிரியர் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவராக நடித்த பிரயன் க்ளோவர் நிஜத்திலும் ஆசிரியர், கூடவே மல்யுத்த வீரர்.

அடுத்து தலைமையாசிரியர் அறைக் காட்சி. சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வேறொரு ஆசிரியர் கொடுத்தனுப்பிய சேதியோடு ஒரு சின்னப் பையனும் வந்து நிற்கிறான். சோதனைக்குப் பயந்து பெரிய பையன்கள் தங்களிடம் இருப்பதையெல்லாம் அவன் பையில் திணித்துவிடுகிறார்கள். தலைமையாசிரியர் உள்ளே கூப்பிட்டு, இந்தத் தலைமுறை எதையுமே காதில் வாங்குவதில்லை என்று நீளமாகப் பேசுகிறார். அந்தப் பொடியன் வாய் திறக்கப் பார்க்கிறான், விடவில்லை. எல்லோருக்கும் கையில் பிரம்படி, அவனுக்கும்தான்.

சிரித்த கூட்டம் கப்சிப். இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்தார்கள், திரும்பவில்லை. படம் முடிந்து பேச உட்கார்ந்தபோது மூத்தவர் ஒருவர் கேட்டார்: 'அந்தப் பையன் முன்னாடி என்ன சேட்டை பண்ணினான்னு காட்டவே இல்லையே சார்?' அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. ஏதாவது செய்திருப்பான் என்று உண்மையாகவே நம்பினார்.

தேம்ஸ்கரை:
அண்ணை, நான் இருக்கிறது கிழக்கு லண்டன். ஆண்ட்ரியா ஆர்னோல்டின்ரை 'ஃபிஷ் டேங்க்' (2009) எடுத்த மார்டைக் குடியிருப்பு எங்கடை பக்கம்தான் இருந்தது, ஹேவரிங்கிலை. என்ரை பெறாமகளுக்கு அப்ப பதினேழு. அவள்தான் 'சித்தப்பா, வாங்கோ பாப்பம்' எண்டு போட்டவள்.

கதையிலை மியாவுக்குப் பதினைஞ்சு வயசு. பள்ளிக்கூடம் இல்லை, ஆரோடையும் ஒத்துப்போகாது, வெறும் வீடொண்டுக்குள்ளை தனிய நடனம் ஆடிப் பழகுவாள். நடிச்ச பெட்டை கேட்டி ஜார்விஸ் அதுக்கு முதல் நடிச்சதே இல்லை. டில்பரி ரயில் ஸ்டேஷனிலை தன்ரை பெடியனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவளைக் கண்டு பிடிச்சுக்கொண்டு வந்தவை. அதாலைதானோ என்னவோ, அவள் கோவப்படேக்கை நாங்கள் பின்னுக்குச் சாயுறம்.

தாயின்ரை சிநேகிதனா ஒருத்தன் வீட்டுக்குள்ளை வாறான். நல்லாக் கதைக்கிறான், 'நீ நல்லா ஆடுறாய்' எண்டு சொன்ன முதல் ஆள் அவன்தான். எனக்கு அங்கையே வயித்தைப் பிசைஞ்சுது. நான் ரிமோட்டை எடுக்க, பெறாமகள் பறிச்சுப்போட்டாள். 'நீங்கள் நிப்பாட்டினா அவளுக்கு நடக்காமல் விடுமோ?' எண்டு கேட்டாள். எனக்குப் பதில் வரேல்லை.

கடைசியிலை மியா வெளிக்கிடேக்கை தாயட்டை சொல்ல வாறாள். தாய் ஒரு நல்ல சொல்லும் சொல்லாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கு, தாய் ஆடிக்கொண்டு நிக்குது. இவளும் எதிரை நிண்டு அதே அடியைப் போடுறாள், பிறகு மியாவின்ரை தங்கச்சியும் சேருறாள். கட்டிப்பிடிக்கிறதில்லை, மன்னிப்புக் கேக்கிறதில்லை. எங்கடை சனத்துக்கு இது விளங்கும். எங்கடை வீடுகளிலையும் சண்டை முடிஞ்சால் ஒருத்தரும் 'சொறி' சொல்றதில்லையே, 'சாப்பிட்டியோ' எண்டுதானே கேக்கிறது.

கறிவேப்பிலை:
எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். ஒரு விஷயம் கவனிச்சீங்களா? 'மம்மி'ல அப்பா செத்துட்டார். 'கெஸ்'ல ஓடிட்டார். 'ஃபிஷ் டேங்க்'ல பேச்சே இல்ல. வீடு நாசமா இருக்குன்னு காட்டணும்னா உடனே ஒரு அம்மாவை நிக்க வெச்சுடறாங்க, அவ குடிக்கிறா, கத்துறா, ஆளைக் கூட்டிட்டு வர்றா. அப்பனைக் கேமரா தேடிப் போறதே இல்ல.

அதனாலதான் 2025ல வந்த 'அடோலசன்ஸ்' எனக்குப் பெருசாப் பட்டுச்சு. சினிமா இல்ல, நாலு பகுதித் தொடர்தான், ஒவ்வொண்ணும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். 13 வயசுப் பையன் கூடப் படிக்கிற பொண்ணைக் கொன்னுட்டான்னு முதல் பகுதியிலேயே தெரிஞ்சுடும். அப்பா குழாய் வேலை பாக்குறவர், குடிகாரர் இல்ல, பையனை அடிச்சதில்ல. அவரை அவங்க அப்பா பெல்ட்டால அடிச்சிருக்கார், 'நான் அப்படி இருக்க மாட்டேன்'னு சபதம் எடுத்து, அதைக் காப்பாத்தியும் இருக்கார். அப்படியும் இப்படி ஆயிடுச்சு.

அந்த நாலாவது பகுதியில அப்பாவும் அம்மாவும் கட்டில்ல உக்காந்து பேசுறப்போ எங்க வீட்டுக்காரர் எழுந்தார். 'பால் வாங்கிட்டு வந்துடறேன்'னார். ராத்திரி பதினோரு மணி. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பாக்கெட் இருந்துச்சு.

பழைய ரீல்:
'அடோலசன்ஸ்' பேச்சு வந்ததால சொல்றேன். மூணாவது பகுதியில பையனும் மனநல நிபுணரும் எதிரெதிரே உக்காந்து பேசுறாங்க இல்லையா, அதைப் பார்த்ததும் 1959க்குப் போயிட்டேன். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோட '400 ப்ளோஸ்' படம். ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு 'எங்கம்மா செத்துட்டாங்க சார்'னு வாத்தியார்கிட்ட அள்ளிவிடுற அந்துவான் ஞாபகம் இருக்கா? செத்ததாச் சொன்ன அம்மா கிளாஸ் வாசல்ல வந்து நிப்பாங்க, அப்பா எல்லார் முன்னாடியும் கன்னத்துல விடுவார்.

சீர்திருத்த இல்லத்துல அவனை ஒரு மனநல நிபுணர் கேள்வி கேக்குறாங்க. குரல் மட்டும்தான், ஆளைக் காட்டவே மாட்டாங்க. கேமரா பையன் மேலயே நிக்கும். நடிச்ச ஜான் பியர் லெயோவுக்கு வசனம் எழுதிக் கொடுக்காம, கேள்வியை மட்டும் கேட்டு, பதிலை அவனையே சொல்ல விட்டாங்க. மேஜையைப் பார்த்துக்கிட்டு, விரலை நோண்டிக்கிட்டு, நடுவுல ஒரு வெக்கச் சிரிப்பு. த்ரூஃபோவே அப்பாவால போலீஸ்ல ஒப்படைக்கப்பட்டவர்ங்கிறது தெரிஞ்சுட்டுப் பார்த்தா அந்தக் குரல் வேற மாதிரி கேக்கும்.

66 வருஷம் கழிச்சு வந்த தொடர்ல கேள்வி கேக்குறவங்க முகத்தையும் காட்டுறாங்க. பையன் திடீர்னு எழுந்து கத்துறான், அவங்க நடுங்குறதை மறைக்கிறாங்க. வெளிய இழுத்துட்டுப் போறப்போ 'என்னைப் பிடிச்சிருக்கா?'ன்னு கத்திக்கிட்டே போறான். அந்தப் பையனா நடிச்ச ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, அதுலயும் இந்த மூணாவது பகுதியைத்தான் முதல்ல எடுத்தாங்களாம். அடிக்கிற காட்சியெல்லாம் நான் அசராமப் பார்த்துடுவேன். ஒரு பையனை எதிர்ல உக்கார வெச்சுப் பொறுமையாக் கேள்வி கேக்குற இடத்துலதான் எனக்கு விரல் தானா பாஸ் பட்டனுக்குப் போகுது.

கறிவேப்பிலை: அப்பன் கதைக்கு நம்ம ஊர்லயும் ஒண்ணு இருக்கு, விட்டுட்டேன். வினோத்ராஜோட 'கூழாங்கல்', 2021ல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல 'டைகர்' விருது வாங்கினது. கோவிச்சுட்டுப் போன பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர, ஸ்கூல்ல இருக்கிற பையனையும் இழுத்துட்டுக் குடிகார அப்பன் போவான். அந்த வெயில்ல பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான். பார்க்கிற நமக்குத்தான் பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிக்கும்.

சுவரொட்டி: அக்கா, அதுல அந்தப் பையன் பேசாம இருக்கிறதே ஒரு எதிர்ப்பு இல்லையா?

கறிவேப்பிலை: இருக்கலாம். ஆனா எதிர்த்துப் பேசுறவனைவிட அவனை நினைச்சாத்தான் எனக்குப் பயம். அது கிடக்கட்டும், என் பையன் பத்தாவது. அவன்கூட உக்காந்து பார்க்கிற மாதிரி இதுல எது? 'மம்மி' வேண்டாம்னு புரியுது.

கரும்பலகை: 'கெஸ்' போடுங்கள் அம்மா. கெட்ட வார்த்தைகள் வரும், அவனுக்குப் புதிதாக இருக்காது. முடிந்ததும் என்ன புரிந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பழைய ரீல்: என் ஓட்டு '400 ப்ளோஸ்'க்கு. சார் சொன்னதும் சரிதான், ரெண்டுக்குமே சப்டைட்டில் படிக்கணும்.

கறிவேப்பிலை: சரிங்க சார். அவங்கப்பாவையும் கூட உக்கார வெக்கிறேன். பாலை முன்னாடியே வாங்கி வெச்சுடறேன்.