2024 தேர்தலில் காங்கிரஸைத் தடுமாற வைத்தது பண முடக்கமா, வேட்பாளர் தேர்வா?

கேள்வி – நெய்தல்வாசி

2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் பிரச்சாரம் சந்தித்த இடர்ப்பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வருமான வரித் துறையின் வரிக்கோரிக்கையால் கட்சியின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டிருப்பதாகப் பொருளாளர் அஜய் மாக்கன் பிப்ரவரி 16 அன்று அறிவித்தார். மார்ச் 21 அன்று கார்கே, சோனியா, ராகுல் மூவரும் சேர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்து, விளம்பரம் கொடுக்கவும் தலைவர்களின் பயணத்துக்குச் செலவிடவும் வழியில்லை என்றார்கள். அதன் பிறகு, ஏப்ரல் முடிவதற்குள் சூரத்திலும் இந்தூரிலும் கட்சிக்கு வேட்பாளரே இல்லாமல் போனார். மே தொடக்கத்தில் ஒடிசாவின் பூரி தொகுதி வேட்பாளர் சுசரிதா மொஹந்தி, கட்சியிடமிருந்து பணம் வரவில்லை என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலகினார்.

இவை மூன்றும் பண முடக்கத்தின் விளைவுகள்தான் என்று கட்சியின் ஆதரவாளர்கள் எழுதுகிறார்கள். எதிர்த்தரப்பினரோ, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. சட்டமும் தேர்தல் நடைமுறையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – தணிக்கையாளன்

வரி விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்போதிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஏ பிரிவு அரசியல் கட்சிகளின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தந்தது. ஆனால் கணக்குகளைத் தணிக்கை செய்தல், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்காதிருத்தல், உரிய தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்தல் போன்ற நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டுக்கான விலக்கு முழுவதும் போய்விடும். 2018-19 மதிப்பீட்டு ஆண்டில் (அதாவது 2017-18 வருமானத்துக்கான கணக்கை) காங்கிரஸ் தாமதமாகத் தாக்கல் செய்தது; சுமார் 14 லட்சம் ரூபாய் நன்கொடை ரொக்கமாக வந்திருந்தது. இதன் பேரில் ஏறத்தாழ 199 கோடி ரூபாய் வருமானத்துக்கு வரி விதிக்கப்பட்டு, வட்டியோடு சேர்த்து 135 கோடி ரூபாய் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டது.

தவறுக்கும் தண்டனைக்கும் பொருத்தமில்லை என்ற வாதம் நியாயமானது. வசூலுக்குத் துறை தேர்ந்தெடுத்த காலமும் கேள்விக்குரியதே. ஆனால் இந்த வரிக்கோரிக்கை எழுந்தது 2021இல். தேர்தல் நெருங்கும்வரை அதை முடித்து வைக்காமலோ, உறுதியான தடையாணை பெறாமலோ இருந்தது கட்சியின் அலட்சியம். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் டெல்லி உயர் நீதிமன்றமும் மார்ச் மாதத்தில் தடை தர மறுத்தன. அதன் பின் வந்த சுமார் 3,500 கோடி ரூபாய்க் கோரிக்கையின் மீது தேர்தல் முடியும்வரை கடும் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று ஏப்ரல் 1 அன்று வருமான வரித் துறை உச்ச நீதிமன்றத்தில் உறுதியளித்தது. ஏற்கெனவே எடுத்த 135 கோடி எடுத்ததுதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று பெயர் வெளியிடாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த பின் வெளியான விவரங்களின்படி, 2019 ஏப்ரல் முதல் பாஜக பணமாக்கிய பத்திரங்கள் சுமார் 6,060 கோடி ரூபாய், காங்கிரஸ் பணமாக்கியவை சுமார் 1,421 கோடி ரூபாய். வேட்பாளரின் செலவுக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு உண்டு, கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. எனவே கணக்குகள் திறந்தே இருந்திருந்தாலும் விளம்பரத்திலும் ஹெலிகாப்டர் பயணத்திலும் அந்த இடைவெளி தெரிந்திருக்கும்.

பதில் 2 – முன்னாள் தலைமை முகவர்

சூரத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேட்புமனு மேசையில் சில தேர்தல்கள் உட்கார்ந்தவன் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒருவர் நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம். ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றொன்று நிற்கட்டும் என்பதற்காகத்தான் இந்த வசதி. விவரம் தெரிந்த கட்சி அலுவலகத்தில் ஒவ்வொரு மனுவுக்கும் வெவ்வேறு முன்மொழிபவர்களைப் பிடித்து, அவர்களைக் கையோடு அழைத்துவந்து, கண்ணெதிரே கையெழுத்து வாங்கி, வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளர் நிலேஷ் கும்பானியின் முன்மொழிபவர்கள் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வேட்பாளரின் சொந்த வட்டத்து ஆட்கள். கட்சியின் ஆட்களாக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். முதன்மை வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் அவருக்குப் பதிலாக நிற்பதற்காக மனுத்தாக்கல் செய்திருந்த மாற்று வேட்பாளரின் மனுவும் இதே காரணத்தால் விழுந்தது. எஞ்சியவர்கள் விலகியதும், ஏப்ரல் 22 அன்று பாஜகவின் முகேஷ் தலால் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டார். மிரட்டலும் பேரமும் நடந்தன என்று கட்சி குற்றம்சாட்டியது. ஆனால் அதே கட்சிதான் சில நாள்களில் கும்பானியை ஆறு ஆண்டுகளுக்கு இடைநீக்கமும் செய்தது.

இந்தூரில் நடந்தது இதைவிட நுட்பமானது. ஏப்ரல் 29 அன்று, மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில், காங்கிரஸ் வேட்பாளர் அக்ஷய் காந்தி பம் விலகி பாஜகவில் சேர்ந்தார். அப்போது மாற்று வேட்பாளரை ஏன் நிறுத்தவில்லை என்று பலரும் கேட்டார்கள். முதன்மை வேட்பாளரின் மனு பரிசீலனையில் ஏற்கப்பட்டுவிட்டால் மாற்று வேட்பாளரின் மனு கட்சி மனுவாகக் கருதப்படாது. சுயேச்சையாக நிற்கவோ அவருக்குப் பத்துப் பேர் முன்மொழிந்திருக்க வேண்டும். இந்தூர் மாற்று வேட்பாளரின் மனுவில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. உயர் நீதிமன்றமும் உதவவில்லை. கூடுதலாக ஒன்பது கையெழுத்துகளுக்குச் சல்லிக்காசு செலவில்லை. அதைக் கவனிக்க ஆள் இல்லாத கட்சியைப் பணம் மட்டும் எப்படிக் காப்பாற்றும்? கடைசியில் நோட்டாவுக்கு வாக்களிக்கும்படி கேட்டார்கள். 2,18,674 பேர் அப்படியே செய்தார்கள்.

பதில் 3 – கரிசல்காடு

தலைமை முகவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் பூரியை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது. அங்கே பணம்தான் பிரச்சினை என்று வேட்பாளரே சொன்னார். அதே ஆண்டில் குஜராத்தின் பனஸ்கந்தாவில் ஜெனிபென் தாகோர் மக்களிடம் நன்கொடை திரட்டிப் போட்டியிட்டு வென்றார். பத்தாண்டுகளுக்குப் பின் அந்த மாநிலத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அது. தொகுதியில் வேர் உள்ள வேட்பாளர் பணமுடையைத் தாண்டிவிடுகிறார், வேர் இல்லாத இடத்தில் முடை முடக்கமாகிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டிலும் வேட்பாளர் அறிவிப்பு இழுபறியாகத்தான் நடந்தது. மயிலாடுதுறை வேட்பாளரின் பெயர், மனுத்தாக்கல் முடிவதற்குச் சற்று முன்புதான் வந்தது; விளவங்கோடு காங்கிரஸ் எம்எல்ஏ விஜயதரணி பிப்ரவரியிலேயே பாஜகவுக்குப் போய்விட்டார். ஆனால் போட்டியிட்ட ஒன்பது தொகுதிகளிலும் காங்கிரஸ் வென்றது. வாக்குச்சாவடி வேலையின் பெரும்பகுதியைத் திமுகவினர் தோளில் சுமந்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

நெய்தல்வாசி

மூவருக்கும் நன்றி. மாற்று வேட்பாளரின் மனுவில் இருந்த அந்த ஒற்றைக் கையெழுத்துச் செய்தி எனக்குப் புதிது. கட்டுரையில் சூரத்தையும் இந்தூரையும் வரி விவகாரத்திலிருந்து பிரித்துத் தனிப் பகுதியாக எழுதப் போகிறேன். பூரியைப் பனஸ்கந்தாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். தலைமை முகவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: மாற்று வேட்பாளரின் மனுக்களில் ஒன்றிலாவது பத்துப் பேர் முன்மொழிவதை நம் மாநிலக் கட்சிகள் வழக்கமாக வைத்திருக்கின்றனவா?

முன்னாள் தலைமை முகவர்

நான் வேலை பார்த்த இடங்களில் வைத்திருந்தோம். எல்லாக் கட்சிகளுக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது.